நீலத் துணி கட்டிய மரம்

செப்டம்பர் 9

மச்சானுக்கு,

நீ போனை எடுக்காததால் கடிதம் எழுதுகிறேன். எடுத்திருந்தாலும் இரண்டு பேரும் கத்தியிருப்போம், அது வேறு விஷயம். "பேசினா சண்டை போடுறீங்க. எழுதித் தொலைங்க. எழுதும்போதாவது மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்" என்று உன் அக்காதான் தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பேனா எழுதவில்லை. வேறு பேனா தேடி எடுப்பதற்குள் பாதிக் கோபம் போய்விட்டது. மீதியோடு எழுதுகிறேன்.

அன்றைக்கு நாம் மரம் வெட்டப் போன டீச்சரம்மா வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நீயும் கூட இருந்தவன்தான். இருந்தாலும் வரிசையாக எழுதிப் பார்த்தால் எங்கே பிசகியது என்று பிடிபடும் என்ற நப்பாசை.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு மரம். ஒரே உயரம், ஒரே பருமன், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. முதல் நாள் நீ மரம் அறுக்கும் மிஷினின் சங்கிலியைச் சாணை பிடிக்கப் போயிருந்தாய். நான் மட்டும் சாயங்காலம் தூறலில் போய் மரச்சுத்தியால் இரண்டையும் தட்டிப் பார்த்தேன். ஒன்று கல் மாதிரி இருந்தது. இன்னொன்று அடியில் காலிப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி சத்தம் போட்டது. உள்ளே உளுத்துப் போயிருக்கிறது. உளுத்ததை வெட்ட வேண்டும், நல்லதை விட வேண்டும். இதில் குழம்ப என்ன இருக்கிறது?

விட வேண்டிய மரத்தில் துணி கட்டுவது நம் வழக்கம். நாம் எடுத்த முதல் வேலையில், தோப்பு முழுவதையும் வெட்டி ஒரே ஒரு மரத்தை மட்டும் விடச் சொன்னார்களே, அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம். வலது இடது என்று சொன்னால் சந்துப் பக்கமிருந்து வருகிறவனுக்கு ஒன்று, வீட்டுப் பக்கமிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்று. துணிக்கு அந்த வம்பு கிடையாது. உன் அக்காவின் பழைய நீலப் படுக்கை விரிப்பில் கிழித்த துணியை நல்ல மரத்தில் என் கையால் கட்டினேன்.

மறுநாள் காலை டீச்சரம்மா படுக்கையில் கிடக்கிற தன் கணவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நீ எனக்கு முன்னாலேயே வந்து, துணியில்லாத மரத்தில் கயிறு போட்டுத் தயாராக நின்றாய். நான் துணியைப் பார்த்தேன், கயிற்றைப் பார்த்தேன், இடுப்புப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறினேன். இன்னொரு தடவை தட்டிப் பார்த்திருக்கலாம். துணி இருக்கும்போது எதற்குத் தட்ட வேண்டும் என்று விட்டுவிட்டேன். நான் அறுக்க அறுக்க நீ ஒவ்வொரு கிளையாகக் கயிற்றில் இறக்கினாய். அறுத்த இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. கோளாறு அடியில்தானே என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் அடியை அறுத்தால் அங்கேயும் வெள்ளை. உளுத்ததன் சுவடே இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் டீச்சரம்மாவின் வண்டி வந்து நின்றது. "ஐயோ, ஜன்னல் மரத்தையா வெட்டினீங்க?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

திரும்பிப் பார்த்தால் உளுத்த மரம் நீலத் துணியோடு ஜம்மென்று நிற்கிறது.

"துணியை எடுத்துக் கை துடைச்சுட்டு மாத்திக் கட்டினியா?" என்று அவர் முன்னால் நான் உன்னைக் கேட்டது உண்மைதான். எண்ணெய்க் கையோடு துணி தேடி அலைகிறவன் நீ என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அதற்காகக் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வெளியூர் மில்லில் போய்ச் சேர்ந்துவிடுவாயா?

உளுத்த மரம் அந்த ஐயா படுத்திருக்கும் அறையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. காற்றுக் காலத்துக்குள் அதை இறக்கியாக வேண்டும். நீ இல்லாமல் முடியாது. துடைத்தாயா இல்லையா, அதை மட்டும் எழுது. கோபப்பட மாட்டேன்.

உன் மாமா

*

செப்டம்பர் 16

மாமா,

"கோபப்பட மாட்டேன்" என்று எழுதிய இடத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

நான் துணியைத் தொடவில்லை. அன்றைக்குக் கையைப் பேன்ட்டில்தான் துடைத்தேன். அந்தப் பேன்ட் உங்கள் வீட்டில்தான் கிடக்கிறது, அக்காவைக் கேட்டால் எடுத்துக் காட்டுவாள், கூடவே நாலு வார்த்தையும் சொல்லுவாள். காலையில் வந்தேன். ஒரு மரத்தில் துணி இருந்தது, இன்னொன்றில் இல்லை. இல்லாததில் கயிறு போட்டேன். இத்தனை வருஷமாக அதைத்தான் செய்கிறேன்.

என் கணக்குப்படி நீங்கள்தான் தூறலில், மங்கலில், கண்ணாடி போடாமல் தப்பான மரத்தில் கட்டியிருக்கிறீர்கள். கண்ணாடி போடச் சொன்னால் "ஏறும்போது வேர்வையில வழுக்கும்" என்பீர்கள். நீங்கள் கட்டியது தரையில் நின்றுகொண்டுதானே?

இப்படி எழுதிவிட்டேனே தவிர, எனக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. உங்கள் கண்ணைப் பற்றி எனக்கு நிறையச் சந்தேகம் உண்டு, சுத்தியைப் பிடித்த உங்கள் கையைப் பற்றிக் கிடையாது. தட்டிவிட்டு "இது கெட்டது" என்று நீங்கள் சொல்லி நல்லதாக இருந்து நான் பார்த்ததில்லை. பிறகு எப்படி? நாலு எட்டு தூரத்தில் நிற்கிற மரத்துக்கு நடந்து போவதற்குள்ளா மறந்திருப்பீர்கள்? யோசித்தால் மண்டை காய்கிறது.

இந்த மில்லில் மரங்கள் படுத்தபடியேதான் வந்து சேர்கின்றன. எதை வெட்டுவது, எதை விடுவது என்று இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. மத்தியானம் மணி அடிக்கிறது, சாப்பிடுகிறோம். நிம்மதியான வேலை. எனக்குப் பிடிக்கவில்லை.

வருகிறேன், ஒரு நிபந்தனை. அந்த அம்மா திருடனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். அவர் முன்னால்தான் என் மேல் பழி போட்டீர்கள். அதே இடத்தில், அவர் முன்னாலேயே, என் மேல் தப்பில்லை என்று சொல்லுங்கள். அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். கத்தியது கூட எனக்குப் பெரிதில்லை, மாமா. நீங்கள் மேலே தொங்கும்போது உங்கள் உயிரே என் கையில் இருக்கும் கயிற்றில்தான் இருக்கிறது. அந்தக் கையைத்தான் சந்தேகப்பட்டீர்கள்.

அக்காவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். பொய்தான், இருந்தாலும் சொல்லுங்கள்.

உங்கள் மச்சான்

*

செப்டம்பர் 24

மச்சானுக்கு,

உன் கடிதத்தை உன் அக்கா எனக்கு முன்னால் படித்துவிட்டாள். பேன்ட்டை எடுத்து வந்து என் மடியில் போட்டாள். எண்ணெய்க் கறை பளிச்சென்று இருந்தது. ஆனால் மச்சான், அந்தக் கறை அன்றைக்குப் பட்டதுதான் என்று எப்படிச் சொல்வது? உன் பேன்ட்டில் எந்த நாளில்தான் கறை இல்லை?

உனக்குப் பதிலாக இரண்டு பேரை வைத்துப் பார்த்தேன். ஒருவன், மேலே நான் ரம்பத்தோடு தொங்கிக்கொண்டிருக்கும்போது கீழே கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு போனில் பேசினான். இன்னொருவன் நல்லவன், சொன்னதைக் கேட்பான். கேட்டுக்கொண்டு கயிற்றைத் தன் இடுப்பிலேயே சுற்றிக் கட்டிக்கொண்டான். ஒரு பெரிய கிளையை விட்டிருந்தேனானால் அவனும் மேலே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அனுப்பிவிட்டேன். இப்போது முதலாளியும் நான், கூலியாளும் நான், லீவு கேட்டால் இல்லை என்று சொல்கிறவனும் நான். நேற்று ஒரு வீட்டில் ஒரு கிளை என்று கூப்பிட்டார்கள். போனால், "வந்ததுதான் வந்தீங்க, அந்த வேலியையும் கொஞ்சம் பாத்துடுங்களேன்" என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தூள் பறக்கிறது என்று சண்டைக்கு வருகிறார். சமாதானம் பேச நீ இல்லை. நான் பேசினால் சமாதானம் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும்.

கண்ணைப் பற்றி நீ எழுதியது உறைத்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டீச்சரம்மா வீட்டுக்கே போனேன். முன்பக்கம் போக முகமில்லை, சந்துப் பக்கமாகப் பின்வாசலுக்குப் போனேன். நிற்கிற மரத்தைத் தட்டினேன். ஒரு பக்கம் கெட்டி, மறுபக்கம் பொள்ளல். அன்றைக்குக் கேட்ட அதே சத்தம். ஆக, என் காது தப்பில்லை.

பிறகு துணியைப் பார்த்தேன். இன்னும் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நான் எதைக் கட்டினாலும் கயிற்றில் போடுகிற முடிச்சைத்தான் போடுவேன். கை பழகிவிட்டது. சோற்று மூட்டையைக்கூட அந்த முடிச்சில்தான் கட்டுகிறேன் என்று உன் அக்கா திட்டுவாள். ஆனால் அந்த மரத்தில் இருப்பது பூமுடிச்சு. இரண்டு காதும் ஒரே அளவு, வாலும் ஒரே நீளம், பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைக்கு ரிப்பன் கட்டிவிட்ட மாதிரி.

நீ எப்போதிலிருந்து பூமுடிச்சு போட ஆரம்பித்தாய்?

மாமா

*

அக்டோபர் 1

மாமா,

பூமுடிச்சா? என் ஷூவையே நான் முடிச்சுப் போட்டபடி கழற்றி, முடிச்சுப் போட்டபடி மாட்டுகிறவன். அக்காவுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

அன்றைக்குக் காலையில் நான் முடிச்சைக் கவனிக்கவில்லை. துணி இருக்கிறதா என்று பார்ப்பேனே தவிர, யார் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க எனக்கு என்ன வந்தது?

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மில்லில் இரண்டு பலகையைத் தப்பான அளவில் அறுத்துவிட்டேன். மேஸ்திரி "வீட்டுல எதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். ஒரு முடிச்சு விஷயம் என்றேன். கல்யாணம் என்று நினைத்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

யோசித்துப் பாருங்கள். நீங்கள் கட்டியது நல்ல மரத்தில், உங்கள் முடிச்சில். நான் பார்த்தது உளுத்த மரத்தில், வேறு யாரோ போட்ட முடிச்சில். அப்படியானால் நீங்களும் தப்பு செய்யவில்லை, நானும் செய்யவில்லை. இது முன்னைவிட மோசம். நீங்கள் தப்பு செய்திருந்தால் உங்களோடு சண்டை போடலாம். இப்போது யாரோடு போடுவது? நல்ல மரம் மட்டும் கீழே கிடக்கிறது.

சந்தில் விளையாடுகிற பிள்ளைகளா? பிள்ளைகள் என்றால் துணியை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள், அழகாகக் கட்டிவிட்டா போவார்கள்? நம் மேல் கடுப்பில் இருக்கிற யாராவதா? கடுப்பில் இருக்கிறவன் பூமுடிச்சு போட மாட்டான். ஒருவேளை நீங்களே அன்றைக்கு மட்டும் ஏதோ ஞாபகத்தில் போட்டீர்களா? கோபப்படாதீர்கள், எல்லாவற்றையும் கேட்டுப் பார்க்கிறேன்.

நிபந்தனை நிபந்தனைதான். யார் மாற்றியிருந்தாலும் சரி, நான் இல்லை என்று அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டும்.

மச்சான்

*

அக்டோபர் 13

மச்சானுக்கு,

உன் கடிதம் வந்த அன்று இரண்டு நாற்காலியைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு துணி கட்டிப் பார்த்தேன். எனக்குப் பூமுடிச்சு வரவே இல்லை. உன் அக்கா, "ரெண்டு பேருக்கும் மண்டையிலதான் துணி கட்டணும்" என்று சொல்லிவிட்டு அதில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

போன வாரம் பெருங்காற்று அடித்தது. மறுநாள் டீச்சரம்மாவே போன் செய்தார். பெரிய கம்பெனி ஒன்றைக் கேட்டிருக்கிறார், அவர்கள் காற்றுக் காலம் முடிந்துதான் வருவார்களாம். "உங்களைக் கூப்பிட எனக்கு இஷ்டமே இல்லை. வேற வழியில்லாம கூப்பிடுறேன்" என்றார். போனேன்.

உள்ளே கூட்டிப்போய்த் தன் கணவரின் அறையைக் காட்டினார். கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தார். முன்பு கட்டிலுக்கு நேராக ஜன்னல், ஜன்னலுக்கு நேராக நாம் வெட்டிய மரம். ஐயாவுக்குப் பேச்சு வராது; நாள் முழுவதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாராம். வெட்டிய பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். அதனால் டீச்சரம்மா கட்டிலைக் கோணலாகப் போட்டு, ஜன்னலின் ஓரத்தில் உளுத்த மரம் தெரியும்படி செய்திருக்கிறார். "இப்ப இதைப் பாக்க ஆரம்பிச்சுட்டார். இதையும் நீங்க வெட்டணும். வெட்டித்தானே ஆகணும்?" என்று கேட்டார்.

ஜன்னல் திரையை ஒதுக்கி ஒரு நாடாவால் கட்டினார். பூமுடிச்சு. இரண்டு காதும் ஒரே அளவு.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்க மேல எனக்கு எவ்வளவு ஆத்திரம் தெரியுமா? முதல் நாளே துணியைத் தப்பான மரத்துல கட்டிட்டுப் போயிருந்தீங்க. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு, நானே அவிழ்த்து வெட்ட வேண்டிய மரத்துல கட்டி வெச்சேன். அவ்வளவு அடையாளம் காட்டியும் மாத்தி வெட்டிட்டீங்களே."

மச்சான், உலகத்தில் எல்லாரும் வெட்டுகிற மரத்துக்குத்தான் அடையாளம் வைப்பார்கள். நாம் மட்டும்தான் விடுகிற மரத்துக்கு வைக்கிறோம். இதை அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்று நம் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. நமக்குள் அது அவ்வளவு பழகிவிட்டது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கை தன் கணவரின் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தது. அவர் ஆசையாகக் காப்பாற்ற நினைத்த மரத்தை அவரே வெட்டக் கொடுத்தார் என்று எப்படிச் சொல்வேன்? ஒவ்வொரு நாளும் அந்த ஜன்னலைத் திறக்கிறவர் அவர். வாயை மூடிக்கொண்டேன்.

உன் நிபந்தனையை மட்டும் நிறைவேற்றினேன். பின்வாசலில், உன்னைத் திட்டிய அதே இடத்தில் நின்று, "கயிறு பிடிச்ச பையன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. தப்பு என்னுது" என்றேன். "அப்ப அவனை ஏன் அன்னிக்கு அப்படித் திட்டினீங்க?" என்று கேட்டார். "பயந்துட்டேன். பக்கத்துல அவன்தான் இருந்தான்" என்றேன். அது பொய்யில்லை. உன் கையைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கப்படுகிறேன், மச்சான்.

ஆனால் இது பாதி உண்மைதான் என்று எனக்குத் தெரியும். முழு உண்மை தெரிந்தால் அந்த அம்மா உன்னிடம் மன்னிப்பே கேட்பார். அந்த உரிமை உனக்கு இருக்கிறது. சொல் என்றால் போய்ச் சொல்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம். எனக்கு எது சரி என்று தெரியவில்லை. ராத்திரியெல்லாம் சொல்லலாம் என்றிருக்கிறது, காலையில் அந்த ஜன்னல் ஞாபகம் வந்துவிடுகிறது.

மரத்தை என்ன செய்வது என்பதும் தெரியவில்லை. வெட்டினால் ஐயா மறுபடியும் சுவரைப் பார்ப்பார். வெட்டாவிட்டால் அவர் மேலேயே விழும்.

மாமா

*

அக்டோபர் 19

மாமா,

உங்கள் கடிதத்தை மில் வாசலில் நின்று படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அடக்க முடியாத கோபம். இத்தனை நாள் உங்களோடு பேசாமல், கண்ட இடத்தில் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு பூமுடிச்சுக்காகவா கிடந்தேன்?

"சொல்லிவிடுங்கள்" என்று ஒரு கடிதம் எழுதினேன். என் பெயர் என்ன கேவலமா என்று பக்கம் பக்கமாக எழுதினேன். உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். பிறகு அந்த அம்மா தூறலில், செருப்புகூடப் போடாமல் வந்து, நாம் வருத்தப்படக் கூடாது என்று நம் துணியை அவிழ்த்து இன்னொரு மரத்தில் கட்டியதை நினைத்துப் பார்த்தேன். செருப்பு போட்டிருந்தாரோ என்னவோ, எனக்கு அப்படித்தான் தோன்றியது. உறையைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

சொல்ல வேண்டாம், மாமா. அந்த வீட்டில் நாம் இரண்டு பேரும் முட்டாள்களாகவே இருந்துவிட்டுப் போவோம். தெருவில் நாலு பேரிடம் அந்த அம்மா நம்மைப் பற்றிச் சொன்னால் நாலு வேலை குறையும். குறையட்டும். நான் தப்பு செய்யவில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான் போலிருக்கிறது. நிபந்தனை போட்டபோது எனக்கே அது தெரியவில்லை.

மரத்தைப் பற்றி. ஒரு பக்கம் கெட்டியாக இருக்கிறது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? முழுவதும் எதற்கு வெட்ட வேண்டும்? மேல் பாரத்தை எடுத்துவிட்டு, உயரத்தைப் பாதியாக்கி, ஜன்னலுக்குத் தெரிகிற மாதிரி நாலு கிளையை விடுவோம். காற்று பிடிக்க ஒன்றும் இருக்காது, விழுந்தாலும் கூரையைத் தொடாது. வருஷா வருஷம் நாமே வந்து தட்டிப் பார்ப்போம். பெரிய கம்பெனிக்காரன் இதைச் செய்ய மாட்டான், அவனுக்கு ஒரே அறுப்பில் முடித்துவிட்டுப் போக வேண்டும். கிளைகளைச் சின்னச் சின்னத் துண்டாக, மெதுவாக இறக்க வேண்டும். அதற்குக் கீழே ஒழுங்காகக் கயிறு பிடிக்கிற ஆள் வேண்டும். அடி உளுத்த மரத்தில் நீங்கள் ஏற வேண்டாம், கூடை வைத்த ஏணி வண்டியைச் சொல்லி வையுங்கள். கண்ணாடியை மறக்காதீர்கள்.

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்குத்தான் போகிறேன் என்று நினைத்துக் கை கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கி நேராக அங்கேயே வந்துவிடுகிறேன். எனக்கு முன்னால் நீங்கள் வந்துவிட்டால் ஒன்றே ஒன்று. அந்த மரத்தில் இருக்கும் துணியை அவிழ்க்காதீர்கள். அந்த அம்மா கட்டியபடியே இருக்கட்டும். நம் வழக்கப்படி அது சரியான மரத்தில்தான் இருக்கிறது.

மச்சான்